உப்புக் காற்றில் சுத்தியல்களுக்கு ஓர் இடம்

மாரி முடிந்து தை பிறந்ததும், வாகனக் கொட்டிலின் உட்சுவரில் தொங்கும் சுத்தியல்களை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியால் தலையைத் துடைத்துப் பார்த்தேன். துணியில் மெல்லிய எண்ணெய்க் கறை மட்டுமே படிந்தது. கறளின் செம்மை எங்கும் இல்லை. பிடியைப் பற்றிக்கொண்டு தலையை அசைத்துப் பார்த்தபோது ஒன்றைத் தவிர வேறெதுவும் ஆடவில்லை. திருகோணமலையின் உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும். ஆகவே கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் தொடங்கிய இந்த வேலையை, அளவுகளோடும் செலவுகளோடும் சரிவராதவற்றோடும் எழுதி வைக்கிறேன்.

சுத்தியல் வைப்பதற்கு ஒரு தாங்கி செய்வது கடினமான தச்சுவேலை அன்று. நமது ஊரில் அது வேலையாக மாறுவதற்குக் காரணம் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான், மரப் பிடிகளின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்க வைக்கிறது. பிடி சுருங்கினால் தலை தளர்கிறது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றோடு மழை வரும்போது நிலைமை தலைகீழாகிறது: மரம் ஊதுகிறது, இரும்பு கறளேறுகிறது. கடலிலிருந்து வரும் நுண்ணிய உப்பு, கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மாரிகாலக் காலைகளில் கொட்டிலுக்குள் என் ஈரப்பதன் மானி 85க்குக் கீழே இறங்குவது அரிது. அதாவது உப்புப் படிந்த இரும்பு, மழைத்துளி ஒன்றும் படாமலே நாள் முழுவதும் உப்பு நீரில் நனைந்திருக்கிறது.

இதற்கு முன்னர் சுத்தியல்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. பெட்டியின் அடியில் விரிக்கப்பட்டிருந்தது ஓர் உரப்பை. தம்பலகாமம் பக்கத்து வயல்களிலிருந்து இந்தப் பைகள் எல்லா வீடுகளுக்கும் வந்துசேர்கின்றன. உறுதியானவை என்பதால் எதற்கும் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தப் பை பொட்டாஷ் உரம் வந்த பை. நாம் வாங்கும் எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட்டு. அதுவும் ஓர் உப்பு. இரும்பைப் பொறுத்தவரை கடலுப்பின் வேலையைத்தான் செய்யும். பையோடு ஒட்டியிருந்த பக்கங்களில் மட்டும் கறள் குழிகுழியாக அரித்திருந்ததைக் கண்ட பின்னரே காரணம் விளங்கியது. பெட்டியை விட்டுச் சுவருக்கு மாறியபோது, ஒரு சுத்தியலுக்கு இரண்டு ஆணி என்ற வழக்கமான முறையில் தொங்கவிட்டேன். தலை சீமெந்துச் சுவரோடு ஒட்டியிருந்தது; மாரியில் சுவர் வியர்த்தது; ஆணியும் கறளேறித் தலைக்கும் தன் தடத்தைக் கொடுத்தது. அதன் பின்னர் வாங்கிய 3 மில்லிமீற்றர் துளைப்பலகை ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. அழுத்தித் தயாரித்த மரத்தூள் அட்டை ஈரத்தில் உப்பி, துளைகள் தளர்ந்து, கொளுக்கிகள் சுத்தியலோடு சேர்ந்து கீழே விழத் தொடங்கின. காய்ந்த ஊர்களில் அந்தப் பலகை நன்றாகவே பயன்படலாம். கடற்கரைக் கொட்டிலுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது தாங்கிக்குத் தேவையானவை தெளிவாகின. இரும்புத் தலை மரத்தின் மீது மட்டுமே அமர வேண்டும். துணி, நுரை, சாக்கு, வேறோர் உலோகம் எதுவும் அதைத் தொடக்கூடாது. சுவருக்கும் தாங்கிக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி வேண்டும். ஒரு சுத்தியலின் முகம் இன்னொன்றின் முகத்தில் மோதக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அழகுக்காகச் சொல்வதல்ல. சுத்தியலின் முகம் கடினமாக்கப்பட்ட உருக்கு. கடினமான இரண்டு முகங்கள் மோதினால் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலையின் முதற்படியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு கொப்பியில் அளவுகளை எழுதினேன். மொத்தம் 11 சுத்தியல்கள். ஆணி பிடுங்கும் கவைச் சுத்தியல்கள் இரண்டு: தலை 16 அவுன்ஸ் ஒன்று, 20 அவுன்ஸ் ஒன்று, கிராமில் முறையே 454, 567. குண்டுமுனைச் சுத்தியல்கள் மூன்று: 8, 16, 24 அவுன்ஸ். சிறிய ஆணிகளுக்கான 200 கிராம் குறுக்குமுனைச் சுத்தியல், கல் வெட்டும் மேசன் சுத்தியல், இறப்பர் சுத்தியல், உளி தட்டும் மரக் கொட்டாப்புளி ஆகியவை ஒவ்வொன்று. இவற்றுக்கு மேலே 4 இறாத்தல் கைச்சம்மட்டியும், மூன்றடிப் பிடி கொண்ட 10 இறாத்தல் சம்மட்டியும். கடைசி இரண்டையும் சுவரில் ஏற்றுவதில்லை என்று அப்போதே முடிவுசெய்தேன். நாலரைக் கிலோ இரும்பு நெஞ்சளவு உயரத்தில் தொங்குவது எந்த வீட்டிலும் ஆபத்து. பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில் இன்னும் ஆபத்து.

24 அவுன்ஸ் குண்டுமுனைச் சுத்தியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடையொன்றில் தலை மட்டும் கிடைத்தது. கறளைச் சுரண்டியபோது பக்கவாட்டில் மேல்நோக்கிய அகன்ற அம்புக் குறி தெரிந்தது. அது பிரித்தானிய அரச உடைமைகளில் பொறிக்கப்படும் அடையாளம். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இயங்கிய துறைமுகத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்தக் குறியைப் பார்க்கும்போது, இந்தத் தலையைக் கறளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சொல்லப்போனால் இந்த முழு வேலைக்கும் அதுவே தூண்டுதல்.

அடுத்தது துப்புரவு. கறள் பிடித்த இரும்பைக் கண்டவுடன் எண்ணெய் பூசுவது நம் பழக்கம். உப்பு உள்ளே இருக்கும்போது எண்ணெயை மேலே பூசினால், உப்பைப் பூட்டி வைத்தது போலாகும். எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே கறள் தொடரும். ஆகவே முதலில் தலைகளை நல்ல தண்ணீரில் கழுவினேன். எங்கள் கிணற்று நீர் கோடையில் சற்று உவர்ப்பதால் குழாய் நீரையே பயன்படுத்தினேன். பிடிக்குள் நீர் இறங்காதிருக்க, பிடியுள்ள தலைகளை நனைந்த துணியால் பலமுறை துடைத்தேன். பிடியற்றவற்றை வாளியில் போட்டுத் தேய்த்தேன். கழுவியவுடன் உலர்ந்த துணியால் துடைத்து அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தேன். மரப் பிடியை வெயிலில் வைப்பது கூடாது என்பதால், அவற்றைச் சாக்கால் மூடித் தலை மட்டும் வெயில் காணும்படி வைத்தேன். பின்னர் கம்பித் தூரிகை, 180 இலக்க அரத்தாள், கடைசியாக 320 இலக்க அரத்தாள். குழிகளை முழுமையாக அகற்ற முயலவில்லை. ஆழமான குழியைத் தேய்த்து மட்டமாக்க முயன்றால் தலையின் வடிவமே போய்விடும்.

கைச்சம்மட்டியின் முகவிளிம்பு அடிபட்டு அடிபட்டு வெளியே மடிந்திருந்தது. அந்த மடிப்பு உடைந்து தெறிக்கக்கூடியது என்பதால் கிரைண்டரில் சாய்வாக எடுக்க வேண்டியிருந்தது. இங்கே அவசரம் கூடாது. உருக்கு நீல நிறமாகும் வரை சூடேறினால் அதன் கடினம் இறங்கிவிடும். இரண்டு மூன்று விநாடி தொடுவதும் தண்ணீரில் தோய்ப்பதுமாக, கையால் தொடக்கூடிய சூட்டைத் தாண்ட விடாமல் செய்தேன்.

அதிக நேரம் எடுத்தது தளர்ந்த தலைகள்தான். 16 அவுன்ஸ் கவைச் சுத்தியலும் குறுக்குமுனைச் சுத்தியலும் நன்றாகவே ஆடின. முன்பெல்லாம் தலை ஆடினால் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுதும் ஊறப்போடுவேன். பாலையூற்றில் பல ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் முதிய தச்சர் ஒருவரிடம் பிடிக்கு மரம் கேட்கப் போனபோது இதைச் சொன்னேன். "தண்ணியில போட்டா இண்டைக்கு இறுகும், தம்பி. காஞ்ச பிறகு முந்தியைவிட மோசமா ஆடும். தண்ணி மரத்தைத் திண்டு போடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரும்புத் துளைக்குள் ஊதும் மரம் வெளியே விரிய இடமில்லாததால், அதன் நார்கள் தம்மைத் தாமே நசுக்கிக்கொள்கின்றன. காயும்போது நசுங்கிய அளவிலிருந்தே மேலும் சுருங்குகின்றன. ஒவ்வொரு ஊறலும் பிடியை ஒரு படி மெலியச் செய்கிறது.

சரியான முறைக்கு ஒரு கொட்டாப்புளி போதும். சுத்தியலைத் தலை கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் பிடியின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். தலை கனமானது; தட்டும்போது அது இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது, பிடி மட்டும் அதற்குள் இறங்குகிறது. தலையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அடிப்பதைவிட இது சீராக இறுகும். குறுக்குமுனைச் சுத்தியல் இதிலேயே இறுகிவிட்டது. மேலே ஒரு சிறிய இரும்பு ஆப்பை மூலைவாட்டில் இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது. கவைச் சுத்தியலின் பிடியோ துளைக்குள் நசுங்கிப் பயனற்றுப் போயிருந்தது. அதை அறுத்து வெளியேற்றிப் புதுப்பிடி போட வேண்டியதாயிற்று.

பிடிக்கு மரம் தேடியபோதுதான் சாவண்டலை மரத்தைப் பற்றி அந்தத் தச்சர் பேசினார். சிங்களத்தில் ஹல்மில்ல என்று மரக்காலைகளில் கேட்டால் கிடைக்கும் இந்த மரத்துக்கு, ஆங்கிலேயர் காலத்து மர வணிகத்தில் நமது ஊரின் பெயரே இருந்தது: திருகோணமலை மரம். சென்னைக் கரையில் அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் ஓடிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் இங்கிருந்து போயிருக்கிறது. வளைந்து கொடுக்கும், அதிர்வைத் தாங்கும், எளிதில் பிளக்காது. சுத்தியல் பிடிக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் அதில் உண்டு. பழைய வண்டியொன்றின் சட்டத்திலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளை அவர் எனக்குக் கொடுத்தார். ஒன்று கவைச் சுத்தியலுக்கு, மற்றது அம்புக் குறித் தலைக்கு.

மரத்துண்டின் வெட்டுமுகத்தைப் பார்த்து, அதன் வரிகள் சுத்தியல் அடிக்கும் திசையோடு ஒரே நேராக வரும்படி பிடியைக் குறித்தேன். வரிகள் குறுக்காக வந்தால் பிடி முறியும். கவைச் சுத்தியலுக்கு 330 மில்லிமீற்றரும், 24 அவுன்ஸ் தலைக்கு 380 மில்லிமீற்றரும் நீளம் வைத்தேன். சீவுளியாலும் அரத்தாலும் உருவாக்கி, துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்து, எங்கே தேய்மானம் மினுங்குகிறதோ அங்கே மட்டும் அரத்தால் எடுத்தேன். தலைத் துளை நடுவில் ஒடுங்கி இரு வாயிலும் அகன்றிருப்பது ஒரு காரணத்தோடுதான்: கீழிருந்து பிடி இறுகி வருகிறது, மேலே ஆப்பு அதை விரித்துப் பூட்டுகிறது. பிடியின் மேல்முனையில், துளையின் நீளப் பக்கமாக, தலையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் ஒரு வெட்டு. அதற்குள் முதிரை மரத்தில் செய்த ஆப்பு. அதன் பின்னர் மூலைவாட்டில் ஓர் இரும்பு ஆப்பு. பசை எதுவும் பயன்படுத்தவில்லை.

இதை ஆவணியில், கச்சானின் கடைசி நாட்களில் செய்தது தற்செயல். ஆனால் இந்த முழு வேலையிலும் நான் கற்ற பயனுள்ள பாடம் அதுதான். மரம் தன் மிக வறண்ட நிலையில் இருக்கும்போது பொருத்தப்பட்ட பிடி, மாரி வரும்போது ஊதி மேலும் இறுகுகிறது. மார்கழியில் ஈர மரத்தைப் பொருத்தினால் அடுத்த ஆனியில் தலை ஆடத்தான் செய்யும். இனிமேல் எங்கள் பட்டறையில் பிடி மாற்றும் காலம் ஆவணிதான்.

பிடிகளுக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினேன். நம் வீடுகளில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. அது உலர்ந்து படலமாவதில்லை, பிசுபிசுப்பாகவே இருந்து தூசியையும் எறும்பையும் இழுக்கிறது. காய்ச்சிய லின்சீட் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழுநாள். பிடியின் அடிமுனைக்கும், தலைக்கு மேலே தெரியும் வெட்டுமுகத்துக்கும் கூடுதலாக ஊட்டினேன். மரம் ஈரத்தை அதிகம் வாங்குவதும் விடுவதும் அந்த முனைகள் வழியாகத்தான். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகிறது. சுருட்டிய துணிக்குள் வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றும். துணிகளை வேலியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்ட பின்னரே குப்பையில் போட்டேன்.

இனித் தாங்கி. மரக்காலையில் பழைய வீடொன்றைக் கழற்றிய தேக்குப் பலகை, 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு, 5 அடி நீளம், கிடைத்தது. பழைய மரத்தையே தேடியதற்கு விலை மட்டும் காரணமன்று: நன்றாக உலராத மரம் வெளிவிடும் அமில ஆவியும் இரும்பைத் தாக்கும்.

சுத்தியலின் பிடி பலகையின் முன்விளிம்பிலுள்ள வெட்டுக்குள் நுழைந்து கீழே தொங்க, தலை பலகையின் மேல் அமர்வதே முறை. தலையைச் சுவருக்கு இணையாக வைப்பதா, செங்குத்தாக வைப்பதா என்று ஒரு கேள்வி எழுந்தது. செங்குத்தாக வைத்தால் இரண்டரை அடிப் பலகையில் எல்லாம் அடங்கும். ஆனால் அப்போது கவைகளும் முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலை தன் ஒடுங்கிய கன்னங்களில் மட்டும் தங்குவதால், வெட்டு ஒரு மில்லிமீற்றர் அகன்றாலும் சுத்தியல் நழுவும். தேவையற்ற பலகைத் துண்டொன்றில் வெட்டிப் பார்த்தபோது 8 அவுன்ஸ் சுத்தியல் அப்படித்தான் நழுவியது. ஆகவே இணையாகவே வைத்தேன். ஒவ்வொரு தலையின் நீளத்தையும் கூட்டி, இடையில் 20 மில்லிமீற்றர் வீதம் சேர்த்தபோது 1,295 மில்லிமீற்றர் வந்தது. பலகையை நாலரை அடியில் அறுத்தேன்.

வெட்டுகளின் அகலத்தை ஒரே அளவாக வைக்கவில்லை. ஒவ்வொரு பிடியின் கழுத்தையும் இடுக்கிமானியால் அளந்து, அதன் நீண்ட பக்கத்தோடு 3 மில்லிமீற்றர் கூட்டினேன். மிகக் குறைந்தது 8 அவுன்ஸ் சுத்தியலுக்கு 22, மிகக் கூடியது கொட்டாப்புளிக்கு 36. இந்த 3 மில்லிமீற்றர், மாரியில் பலகையும் பிடியும் ஊதும்போது இறுகிவிடாமல் இருக்கத்தான். வெட்டின் ஆழம் எல்லாவற்றுக்கும் முன்விளிம்பிலிருந்து 85 மில்லிமீற்றர். உள்முனையில் அந்தந்த அகலத்துக்கேற்ற வட்டத் துளையிட்டு, பின்னர் முன்விளிம்பிலிருந்து துளை வரை இரண்டு வாள்வெட்டு. துளையிடும்போது பலகைக்கு அடியில் கழிவுப் பலகை ஒன்றை இறுக்கி வைத்தால் கீழ்ப்பக்கம் சிதறாது. எல்லா விளிம்புகளையும் அரத்தால் உருட்டி, தலை அமரும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன்.

பலகையை 5 பாகை பின்சாய்வாகப் பொருத்தினேன். 150 மில்லிமீற்றர் அகலத்தில் முன்விளிம்பு 13 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். நிலாவெளி வீதியில் கனரக வாகனங்கள் போகும்போது எங்கள் கூரைத் தகடுகள் அதிர்வது கேட்கும். தட்டையான பலகையில் சுத்தியல்கள் அந்த அதிர்வில் மெல்ல மெல்ல முன்னே நகரும். இந்தச் சிறு சாய்வு அதைத் தடுக்கிறது. எடுக்கும்போதும் தலையை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும்.

சுவரில் பொருத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. கொட்டிலின் சுவர் உட்குழிவான சீமெந்துக் கல்லால் கட்டியது. திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் வைக்கும் றோல் பிளக்கை அதில் அடித்தால், கல்லின் மெல்லிய புறச்சுவரைப் பொத்துக்கொண்டு வெற்றிடத்துக்குள் போய்விடுகிறது. நான் பலகையை நேரடியாகச் சுவரில் பிடிக்கவில்லை. 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் அளவுள்ள மூன்று செங்குத்துச் சட்டங்களைக் கல்வரிசைகளுக்கு இடையிலான சாந்துக் கோட்டில் 8 மில்லிமீற்றர் பிளக் வைத்து, ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் இறுக்கினேன். சட்டங்களின் மேல் முக்கோணத் தாங்கிகள், அவற்றின் மேல் பலகை. சட்டத்தின் தடிப்பே சுவருக்கும் பலகைக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் இடைவெளியைக் கொடுத்துவிட்டது. ஒன்பது சுத்தியல்களின் பாரம் பிடிகளோடு சேர்த்து ஏறத்தாழ ஆறரைக் கிலோ. அதைப் பன்னிரண்டு திருகாணிகள் பகிர்ந்துகொள்கின்றன. பலகையை ஏற்றிய பின்னர் ஒரு முழுச் சீமெந்துப் பையின் பாதியை அதன் மேல் வைத்து ஒருநாள் விட்டுப் பார்த்தேன், அசைவில்லை.

திருகாணி விடயத்தில் செலவைப் பார்க்கவில்லை. துத்தநாகம் பூசிய சாதாரண திருகாணி இங்கே ஓரிரு மாரியில் தலை கரைந்துவிடும். பின்னர் கழற்றவும் முடியாது. 316 தரக் கறையில் (ஸ்டெயின்லெஸ்) உருக்கில் மொலிப்டினம் கலந்திருப்பதால், உப்பை 304 தரத்தைவிட நன்றாகத் தாங்கும். படகுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. ஆனால் சுத்தியல் தலை இந்தத் திருகாணிகளின் மேல் படாதபடி அவற்றை மரத்துக்குள் புதைத்து இறக்கினேன். உப்பு ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் எளிய உலோகம்தான் அரிபடும்; இங்கே அது சுத்தியல்.

பலகையின் உயரம் தரையிலிருந்து 1,450 மில்லிமீற்றர். மேசையின் உயரம் 860 என்பதால், மிக நீண்ட பிடிக்குக் கீழும் தாராளமாக இடம் இருக்கிறது. ஒழுங்கு வேலையைப் பொறுத்தது: மேசைக்கு அருகே கொட்டாப்புளி, குறுக்குமுனை, கவைச் சுத்தியல்கள் என மரவேலைக்கானவை, நடுவில் மூன்று குண்டுமுனைகளும் நிறை வரிசையில், கதவுப் பக்கமாக மேசன் சுத்தியலும் இறப்பர் சுத்தியலும். நிறை வரிசைக்கு ஒரு பயன் உண்டு. இரும்பு வெட்டும் உளியின் தலையைவிடச் சுத்தியலின் முகம் நன்றாக அகன்றிருக்க வேண்டும். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது கை தானாகவே பொருத்தமானதைத் தேர்கிறது. கவைச் சுத்தியலை எடுத்து இரும்பு உளியில் அடிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் நின்றுபோனது இந்த ஒழுங்கால்தான். சுவரில் நிழலுருவம் வரைவதற்குப் பதிலாக, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒவ்வொரு வெட்டின் முன்விளிம்பிலும் நிறையைச் சுட்டு எழுதினேன். இரவல் வாங்கிய அயலவர் திருப்பிக் கொண்டுவரும்போது, எங்கே மாட்டுவது என்று அவரே பார்த்து மாட்டுகிறார்.

கைச்சம்மட்டிக்கும் சம்மட்டிக்கும் மூலையில் ஒரு நிலத்தாங்கி. தரையிலிருந்து 75 மில்லிமீற்றர் உயர்ந்த இரண்டு சட்டங்களின் மேல் தலை அமர்கிறது. பிடி மேல்நோக்கி, சுவரிலுள்ள ஒரு மரக்கவையில் சாய்கிறது. கவையில் ஒரு சிறு மரத்தாழ்ப்பாள் இருப்பதால், யாராவது இடித்தாலும் சம்மட்டி சரியாது.

செலவு: தேக்குப் பலகை 2,700 ரூபாய், சட்டங்களும் தாங்கிகளுக்கான மரமும் 1,400, கறையில் திருகாணிகள் 1,150, பிளக்குகள் 120, லின்சீட் எண்ணெய் அரை லீற்றர் 950, அரத்தாள்கள் 480, இரும்பு ஆப்புகள் 200. சாவண்டலைத் துண்டுகளுக்குத் தச்சர் காசு வாங்க மறுத்ததால், அவருடைய இரண்டு உளிகளைத் தீட்டிக் கொடுத்தேன். மொத்தம் 7,000 ரூபாய். ஒரு நல்ல கவைச் சுத்தியல் இன்று விற்கும் விலையோடு ஒப்பிட்டால் இது அதிகமன்று.

மாரி முழுவதும் பராமரிப்பாகச் செய்தது மிகச் சிறிது. தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் தலையின் பக்கங்களை மாதம் ஒருமுறை துடைத்தேன். முகத்தில் எண்ணெய் நிற்க விடவில்லை. எண்ணெய் முகம் ஆணித் தலையில் வழுக்கி விரலில் இறங்கும். வேலைக்கு எடுக்கும்போது முகத்தை அரத்தாளில் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஆடிய அந்த ஒன்று மேசன் சுத்தியல். அதன் பிடியை நான் மாற்றவில்லை, கடையில் வந்த பிடியே இருக்கிறது; வெட்டுமுகத்தின் வரிகளும் குறுக்காக ஓடுகின்றன. வரும் ஆவணியில் அதற்கும் சாவண்டலைப் பிடிதான். நிலத்தாங்கியையும் மாற்ற வேண்டும். கார்த்திகையின் கனமழையில் கதவுக்கு அடியால் தெறித்த நீர் 75 மில்லிமீற்றரைத் தாண்டிச் சம்மட்டித் தலையின் கீழ்ப்பக்கத்தை நனைத்திருந்தது. அடுத்த முறை 150 வைப்பேன், சட்டங்களுக்கு இடையில் நீர் நிற்காதபடி மேற்பரப்பைச் சாய்வாகச் சீவுவேன். சுவர்ப் பலகையில் இரண்டு வெட்டுகளுக்கு இடம் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தகடு வேலைக்கு ஒரு செப்புத் தலைச் சுத்தியல் வாங்கும் எண்ணம் இருக்கிறது. செம்பு இரும்போடு சேராதபடி அதைக் கொட்டாப்புளிக்கும் அப்பால், பலகையின் முனையில், தனியாகத்தான் மாட்ட வேண்டும். அதற்காக மீதமிருக்கும் அரையடித் தேக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.